பெயர் தெரிந்த மரம்: தாவரவியல் தோட்டமும் நம் பள்ளி வளாகமும்

கல்விச் சுற்றுலாவுக்கு இடம் பேசும்போது பூங்கா என்ற சொல்லையும் தாவரவியல் தோட்டம் என்ற சொல்லையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இரண்டு இடத்திலும் நிழல் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, குழந்தைகள் ஓடியாட இடம் இருக்கிறது. அதனால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. பூங்காவில் ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் வேறொரு மரத்தை நட்டுவிடுவார்கள். தாவரவியல் தோட்டத்தில் ஒரு மரம் பட்டுப்போனால், முதலில் பதிவேட்டை எடுத்து அந்த மரத்தின் பெயருக்கு எதிரே நாளும் காரணமும் எழுதுவார்கள். ஆசிரியருக்கு முக்கியமான வேறுபாடு இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் ஏன் தாவரவியல் தோட்டங்களை வைத்திருக்கின்றன, அங்கே மாணவரை அழைத்துச் சென்றால் எதைக் காட்ட வேண்டும், அழைத்துச் செல்ல முடியாத பள்ளி என்ன செய்யலாம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் எந்த மாவட்டத்து ஆசிரியரும் தம் ஊர் மரங்களை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

போலி மருந்திலிருந்து பிறந்த தோட்டம்

இத்தாலியில் பதுவா என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 16-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் படித்த மாணவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அக்காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் மூலிகை. பழைய நூல்களில் மூலிகைகளின் பெயர்கள் இருந்தன. ஆனால் எந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதில் குழப்பம் இருந்தது. ஒரு செடிக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுப்பது தெரியாமலும் நடந்தது, தெரிந்தும் நடந்தது. அங்கே மூலிகைப் பாடம் நடத்திய பிரான்செஸ்கோ பொனாஃபெடே என்ற பேராசிரியர், மாணவர்கள் உயிருள்ள செடியைப் பார்த்துப் படிக்க ஒரு தோட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1545-இல் வெனிஸ் குடியரசு அதற்கு ஆணையிட்டது.

அந்தத் தோட்டம் இன்றும் அதே இடத்தில், அதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. தொடங்கிய இடத்திலேயே தொடரும் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டங்களில் இதுவே உலகில் மிகப் பழமையானது. 1585-இல் நட்ட ஒரு பனை வகை மரம் அங்கே இன்னும் உயிரோடு நிற்கிறது. 1997-இல் யுனெஸ்கோ அத்தோட்டத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அரிய மூலிகைகள் திருடு போனதால் அதைச் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள் என்பது வகுப்பில் சொல்லத் தக்க செய்தி. செடிக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

பல்கலைக்கழகத் தோட்டம் அழகுக்காகத் தொடங்கப்படவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ‘இந்தச் செடி இதுதானா?’ என்ற கேள்விக்கு உறுதியான பதில் வேண்டியிருந்தது. தவறான பதில் ஒரு நோயாளியின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஒரே பெயர், நான்கு மரங்கள்

இந்தக் குழப்பம் நமக்கும் புதிதல்ல. ‘பாலை’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்று நான்கு பாலைகளைச் சொல்கிறார்கள். நான்கிலும் பால் வடியும் என்பதால் பெயரில் ஒற்றுமை. ஆனால் நான்கும் வெவ்வேறு மரங்கள்.

உலக்கைப்பாலையின் அறிவியல் பெயர் மணில்காரா ஹெக்சாண்ட்ரா. இது சப்போட்டாவின் குடும்பம். நாற்றங்காலில் விற்கும் ஒட்டுச் சப்போட்டாக் கன்றின் அடிப்பகுதி பெரும்பாலும் இந்தக் காட்டு மரத்தின் நாற்றாகவே இருக்கும். வெட்பாலை, ரைட்டியா டிங்டோரியா. ஏழிலைப்பாலை, அல்ஸ்டோனியா ஸ்கோலாரிஸ். இப்பெயரில் உள்ள ‘ஸ்கோலாரிஸ்’ பள்ளியைக் குறிப்பது. இம்மரத்துப் பலகையில் மாணவர்கள் எழுதும் பலகை செய்த வழக்கத்தால் வந்த பெயர் அது. குடசப்பாலை, ஹொலரினா ப்யூபசென்ஸ். அதன் பட்டை வயிற்றுக்கடுப்புக்கு மருந்து. அதற்குப் பதிலாக வெட்பாலைப் பட்டை கலக்கப்படுவது மருந்தியலில் நன்கு அறியப்பட்ட கலப்படம். பதுவாவில் 16-ஆம் நூற்றாண்டில் இருந்த அதே சிக்கல்தான் இது.

எதிர்த்திசையிலும் குழப்பம் உண்டு. ஓர் ஊரில் நுணா என்பதை அடுத்த ஊரில் மஞ்சணத்தி என்கிறார்கள். இதனால்தான் 1753-இல் லின்னேயஸ் வகுத்த இருசொல் பெயரீட்டு முறை தேவைப்படுகிறது. அந்தப் பெயர்களை மாணவர்கள் அயல்மொழி என்று அஞ்ச வேண்டியதில்லை. முருங்கையின் பேரினப் பெயரான மொரிங்கா ‘முருங்கை’ என்ற சொல்லிலிருந்து சென்றது. புங்கத்துக்கு வழங்கிய பொங்கேமியா என்ற பெயரும் அப்படியே. மாமரத்தின் மாஞ்சிஃபெரா என்ற பெயரில் நம் ‘மாங்காய்’ இருக்கிறது. தமிழ் வகுப்பில் பத்து நிமிடம் இதைப் பேசினால் போதும், அறிவியல் வகுப்பில் அந்தப் பெயர்கள் பாதி பழகியவையாகிவிடும்.

தோட்டத்தைத் தோட்டமாக்கும் நான்கு வேலைகள்

உலகில் எந்தத் தாவரவியல் தோட்டத்துக்குப் போனாலும் நான்கு வேலைகள் நடப்பதைக் காணலாம்.

முதலாவது, பதிவேடு. தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு தாவரத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். பொதுவாக ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்தது அந்த எண். 2025-இல் ஏழாவதாக வந்த செடிக்கு 2025-007 என்று கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து விதை வந்தது, யார் கொண்டுவந்தார், எந்த இடத்தில் நடப்பட்டது என்ற விவரங்கள் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்படும். செடி பட்டுப்போனாலும் அந்த எண்ணை வேறு செடிக்குத் தரமாட்டார்கள். நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் இதே முறையில்தான் இயங்குகிறது. மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றாலும் சேர்க்கை எண் அவருக்கே உரியது.

இரண்டாவது, பெயர்ப்பலகை. பதிவேட்டின் சுருக்கம் அதில் இருக்கும்: ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், குடும்பம், தாயகம், எண்.

மூன்றாவது, உலர் தாவரத் தொகுப்பு. ஹெர்பேரியம் என்று சொல்வோம். பூவோடும் இலையோடும் கூடிய சிறு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயர், இடம், நாள், சேகரித்தவர் பெயர் எழுதி வைப்பார்கள். பெயரில் ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதுவே சான்று.

நான்காவது, விதையும் நாற்றும். காட்டில் குறைந்துவரும் இனத்தைத் தோட்டத்தில் பெருக்கி வைப்பதும், பிற தோட்டங்களோடு பரிமாறிக்கொள்வதும் இதில் அடங்கும்.

‘பயனில்லாத செடியை எதற்கு வளர்க்க வேண்டும்?’ என்று மாணவர் கேட்டால் கோவைக் கரும்பின் கதையைச் சொல்லலாம். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பரும் டி.எஸ்.வெங்கடராமனும், இனிப்பான கரும்பை, இனிப்பே இல்லாத, நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலப்புச் செய்தார்கள். காட்டுப் புல்லின் தாங்கும் திறன் கரும்புக்குக் கிடைத்தது. 1918-இல் கோ 205 என்ற இரகம் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. பின்னர் அதே நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். யாரும் கவனிக்காத ஆற்றோரப் புல் ஒன்று பெரிய பயிரொன்றின் போக்கையே மாற்றியது. எந்தச் செடி எப்போது உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் எல்லாவற்றையும் பெயரோடு காத்து வைக்கிறார்கள்.

கோயம்புத்தூருக்குச் சென்றால்

தமிழ்நாட்டில் பொதுமக்கள் சென்று பார்க்கக்கூடிய பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டது. 1971-இல் அது பல்கலைக்கழகமானது. தோட்டம் அந்த நீண்ட கல்விப் பின்னணியோடு சேர்ந்தது. அதே வளாகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகமும் உண்டு. மகரந்தச் சேர்க்கைப் பாடத்துக்குச் செடியையும் பூச்சியையும் ஒரே நாளில் காட்டலாம்.

அந்த வளாகத்தில் இன்னொரு புதையலும் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ என்று அறியப்படும் உலர் தாவரத் தொகுப்பும் அங்கேதான் உள்ளன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரத் தாள்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இது ஆய்வாளர்களுக்கான இடம். மேல்நிலை வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற வேண்டும்.

சுற்றுலா நாளில் தோட்டம் முழுவதையும் ஓடி ஓடிக் காட்ட வேண்டாம். நான்கு மாணவர்களுக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுங்கள். அரை மணி நேரம் அதே மரத்தடியில் அவர்கள் இருக்கட்டும். இலை எதிரெதிராக அமைந்திருக்கிறதா, மாறி மாறி அமைந்திருக்கிறதா? பட்டை எப்படி இருக்கிறது? பூவோ காயோ உண்டா? எந்தப் பூச்சி, எந்தப் பறவை வந்தது? பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றை எழுதி வரைந்த பிறகு ஒவ்வொரு குழுவும் தன் மரத்தை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யட்டும். நாற்பது மாணவர்கள் பத்து மரங்களைப் பெயரோடு அறிந்து திரும்பினால் அந்தப் பயணம் வெற்றி.

ஆனால் புதுக்கோட்டையிலிருந்து கோவை 250 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்புவது எளிதல்ல. செலவும் எல்லாப் பெற்றோராலும் இயல்வதல்ல. இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுபவர் இங்கிலாந்தின் ஒரு பேராசிரியர்.

தோட்டத்தைக் கிராமப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்

ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். சார்லஸ் டார்வினின் ஆசிரியர். டார்வினை ‘பீகிள்’ கப்பல் பயணத்துக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. பல்கலைக்கழகத்துக்குப் பெரிய புதிய தாவரவியல் தோட்டம் வேண்டும் என்று பாடுபட்டார். 1831-இல் நிலம் வாங்கப்பட்டது. 1846-இல் தோட்டம் திறக்கப்பட்டது. இன்று அது 40 ஏக்கரில், 8,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்களோடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

அதே ஹென்ஸ்லோ ஹிட்சம் என்ற சிற்றூரில் பாதிரியாராகவும் இருந்தார். அங்கே வேளாண் கூலித் தொழிலாளர் பிள்ளைகள் படித்த கிராமப் பள்ளியில், 1850-களில் தாவரவியல் வகுப்பு நடத்தினார். விரும்பிய குழந்தைகள் மட்டும் சேரும் வகுப்பு அது. அவர் கேம்பிரிட்ஜ் தோட்டத்துச் செடிகளை அங்கே கொண்டுபோகவில்லை. தங்கள் ஊர் வரப்பிலும் வேலியோரத்திலும் வளரும் செடிகளைக் குழந்தைகளே தேடி எடுத்துவந்தார்கள். பூவைப் பிரித்து, புல்லிவட்டம் எத்தனை, அல்லி எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எப்படி என்று ஓர் அட்டவணையில் நிரப்பினார்கள். அந்த அட்டவணையைக் கொண்டு குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கியவரே, கிராமத்துக் குழந்தைக்குத் தேவை அந்தத் தோட்டத்தின் செடிகள் அல்ல, அதன் வேலை முறை என்று கண்டார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே.

நம் மாவட்டத்தின் உயிருள்ள தோட்டம்

அந்த முறையைப் பயன்படுத்தப் புதுக்கோட்டையில் தாவரம் இருக்கிறதா? வறண்ட மாவட்டம், பார்க்கும் இடமெல்லாம் தைலமரமும் சீமைக் கருவேலமும் என்று நினைப்போம். ஆனால் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளிக்கே உரிய ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்ற அரிய காட்டு வகையின் எச்சங்கள் நம் மாவட்டத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஐயனார், கருப்பர் கோயில்களைச் சுற்றிய கோயில்காடுகள். மரமடக்கி, அரையப்பட்டி, சண்முகநாதபுரம் போன்ற ஊர்களின் காடுகளைப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக அளந்து எழுதியிருக்கிறார்கள்.

மழை குறைந்த இடத்தில் காடு எப்படி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கிறது? இங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. இலையைச் சிறிதாக, தடிப்பாக, மெழுகுப் பூச்சோடு வைத்துக்கொண்டு நீராவிப்போக்கைக் குறைப்பது இன்னொரு வழி. வீரை, காயா, உலக்கைப்பாலை போன்றவை இரண்டாவது வழியைப் பின்பற்றுபவை. வீரை இலையையும் பூவரசு இலையையும் ஒன்றாகக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் நீராவிப்போக்குப் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

இந்த மரங்கள் நம் இலக்கியத்தோடும் வழிபாட்டோடும் பிணைந்தவை. முல்லை நிலத்து மலராகச் சங்க இலக்கியம் பேசும் நீலநிறக் காயா இதுதான். ஆவுடையார்கோவிலில் மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் அருள்பெற்றார் என்பது மரபு. அந்தக் குருந்து, அட்லாண்டியா மோனோஃபில்லா என்ற காட்டு நாரத்தை இனம் என்று பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. அது நம் கோயில்காட்டு மரம். திருக்கோகர்ணம் கோயிலின் தலமரம் மகிழம். ஆலங்குடி, இலுப்பூர், விராலிமலை என்ற ஊர்ப்பெயர்களில் ஆலும் இலுப்பையும் விராலியும் ஒலிக்கின்றன. விராலிமலையில் படிக்கும் மாணவர் எத்தனை பேர் விராலிச் செடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

இங்கேதான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ‘பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த மரங்கள்’ என்று எட்டாம் வகுப்பில் எழுதச் சொல்லிப் பாருங்கள். வேம்பு, புளி, தென்னை, மா, ஆல், அரசு என்று தொடங்கிப் பத்துக்குள் நின்றுவிடும். கோயில்காட்டு மரங்களின் பெயரை அறிந்தவர்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர்களும், நாட்டு வைத்தியம் தெரிந்த பாட்டிகளும்தான். அவர்களுக்குப் பின் மரம் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் தெரியாத மரத்தை ‘புதர்’ என்று சொல்லி வெட்டுவது எளிது. அதைத் தடுக்க என்ன வெட்டப்படுகிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவராவது வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. தென்னையும் பலாவும் மாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பள்ளி வளாகங்களிலும் பழைய மரங்கள் விழுந்தன. அதன் பின் எங்கும் மரக்கன்று நடவு நடந்தது. எந்த இனம் விழுந்தது, எந்த இனம் நின்றது, விழுந்த மரத்தின் வயது என்ன என்று எழுதி வைத்த பதிவேடு ஒரு பள்ளியில் இருந்தால், அடுத்து எதை நட வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. வளாகத்தில் நிற்கும் மரங்களை இன்று எழுதத் தொடங்கினால் அடுத்த புயலின்போது அந்தத் தரவு கையில் இருக்கும்.

பள்ளியில் தொடங்குவது எப்படி?

தனி நிதியோ புதிய நிலமோ தேவையில்லை. சுற்றுச்சூழல் மன்றமோ தேசியப் பசுமைப் படையோ உள்ள பள்ளியில் அதன் பணியாகவே செய்யலாம்.

1. கணக்கெடுப்பு. பள்ளியின் வரைபடத்தை மாணவர்களே வரையட்டும். ஒவ்வொரு மரத்தையும் அதில் புள்ளியாகக் குறித்து எண் கொடுக்கட்டும். சமூக அறிவியலின் வரைபடத் திறன் இங்கே பயன்படும்.

2. பதிவேடு. நீண்ட அளவு நோட்டு ஒன்று போதும். எண், ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், குடும்பம், தாயகம், நட்ட ஆண்டு, நட்டவர், சுற்றளவு, குறிப்பு என்று ஒன்பது பத்திகள் இருக்கட்டும். நட்ட ஆண்டு தெரியாவிட்டால் முன்னாள் மாணவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்கலாம். சீமைக் கருவேலம், தைலமரம், பார்த்தீனியம் ஆகியவற்றையும் விடாமல் எழுத வேண்டும்.

‘தாயகம்’ என்ற பத்தி தனியே ஒரு பாடம். தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் மாவட்டம் நம்பியிருக்கும் முந்திரியும் நிலக்கடலையும்கூடத் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவைதாம். வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்றோ நல்லது என்றோ சொல்லிவிட முடியாது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

3. பெயரை உறுதிசெய்தல். முதலில் ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். பிறகு நூலோடு ஒப்பிடுங்கள். கைபேசிச் செயலிகள் உதவும். ஆனால் அவை சொல்வதை முடிவான பதிலாகக் கொள்ளாமல், பூவையும் காயையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையை அணுகலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ 1967-இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் நமக்கு அருகில் உள்ளது. உறுதியாகும் வரை அந்தப் பத்தியில் பென்சிலால் எழுதுங்கள். ஐயத்தை ஐயமாகவே பதிவு செய்வதும் அறிவியல் பழக்கம்.

4. பெயர்ப்பலகை. பழைய தகரத் துண்டில் வண்ணம் பூசி மாணவர்களே எழுதலாம். ஆணி அடிக்கக் கூடாது. கம்பியால் இறுக்கிக் கட்டவும் கூடாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி, உணவைக் கீழே கொண்டுசெல்லும் புளோயத்தை நெரித்துவிடும். தேங்காய் நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்டி ஆண்டுக்கொரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள். அல்லது மரத்தடியில் சிறு குச்சி நட்டு அதில் மாட்டுங்கள். விரைவுக் குறியீடு ஒட்டுவது நல்லதே. ஆனால் கண்ணால் படிக்கக்கூடிய பெயர் முதலில் இருக்க வேண்டும்.

5. உலர் தாவரத் தொகுப்பு. பூவுள்ள சிறு கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்துப் புத்தக அடுக்கின் கீழ் அழுத்துங்கள். முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த பின் தடித்த தாளில் தைத்தோ ஒட்டியோ, வலது கீழ் மூலையில் விவரம் எழுதுங்கள். பூவின் நிறம் உலர்ந்தால் மாறிவிடும் என்பதால் பறித்த அன்றே நிறத்தைக் குறிக்க வேண்டும்.

6. புதிய நடவு. வளாகத்தில் இடம் இருந்தால், அழகுச் செடிக்குப் பதிலாக நம் மாவட்டக் காட்டு இனம் ஒன்றை ஆண்டுதோறும் சேர்க்கலாம். மகிழம், இலுப்பை, தேற்றான், காயா, வீரை என்று தொடங்கலாம். புதுச்சேரி அருகே ஆரோவில் தாவரவியல் தோட்டம் இத்தகைய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைப் பெருக்குவதையே முக்கியப் பணியாகச் செய்துவருகிறது. விதை எந்த ஊர் மரத்திலிருந்து வந்தது என்பதைப் பதிவேட்டில் எழுத மறக்காதீர்கள்.

எந்த வகுப்புக்கு எது?

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: இலை சேகரித்து வடிவத்தால் பிரித்தல், இலை அச்சு எடுத்தல், ‘என் மரம்’ என்று ஒன்றைத் தேர்ந்து பெயரைப் படித்தல், எழுதுதல். பெயர்ப்பலகையே வாசிப்புப் பயிற்சி ஆகிவிடும்.

நான்கு, ஐந்தாம் வகுப்பு: மர நாள்காட்டி. இலை உதிர்ந்த நாள், தளிர்த்த நாள், முதல் பூ, முதல் காய் ஆகியவற்றைக் குறித்தல். வேம்பும் சரக்கொன்றையும் இதற்கு ஏற்றவை. மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால் ஒப்பிட்டுப் பேசப் பொருள் கிடைக்கும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு: ஹென்ஸ்லோ அட்டவணை. செம்பருத்தி, பூவரசு, வெண்டை, பருத்தி ஆகியவற்றின் பூக்களைப் பிரித்துப் பார்க்கச் செய்யுங்கள். நான்கிலும் ஐந்து அல்லிகளும், குழாய் போல இணைந்த மகரந்தத் தாள்களும் இருக்கும். ‘குடும்பம்’ என்றால் என்ன என்பதை நாம் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். கணக்கில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து, வட்டத்தின் சூத்திரத்தால் விட்டம் காணலாம்.

ஒன்பதாம் வகுப்பு முதல்: நிழலை அளந்து வடிவொத்த முக்கோணங்களால் மர உயரம் காணுதல், பதிவேட்டைக் கணினியில் ஏற்றுதல், தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்து அதன் காரணத்தை ஆராய்தல். மேல்நிலை வேளாண் பிரிவு மாணவர்கள் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்துக்குச் செல்லலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மையம் அது. ‘வம்பன்’ என்ற ஊர்ப்பெயரோடு உளுந்து இரகங்கள் நாடறிய வெளிவந்தது அங்கிருந்துதான்.

கவனிக்க வேண்டியவை

எட்டி விதை, குன்றிமணி, அரளி, ஊமத்தை ஆகியவை நஞ்சு. சிறு வகுப்புகளில் இவற்றைத் தொடவோ சுவைக்கவோ விடக் கூடாது. எந்தச் செடியையும் ஆசிரியர் சொல்லாமல் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். கோயில்காட்டுக்குச் செல்லும்போது ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் முன்னரே சொல்லி அனுமதி பெறுங்கள். பல காடுகளில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. காடு இன்றுவரை நிற்பதற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம். ஆகவே அங்கே பறிக்காமல், வரைந்தும் படம் எடுத்தும் வாருங்கள். காலணியோடு செல்லக் கூடாத இடங்களில் பாம்பு, முள் குறித்து எச்சரிக்கை தேவை. முழு வகுப்பையும் ஒரே நேரத்தில் உள்ளே அனுப்பாமல் சிறு குழுக்களாக அனுப்புங்கள். பெற்றோர் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தகவலும் வழக்கம்போல் அவசியம்.

இந்தப் பணியில் பெரிய இடர் ஆர்வக் குறைவால் வருவதில்லை. தொடங்கிய ஆசிரியர் மாறுதலில் சென்றதும் பதிவேடு அலமாரியில் தங்கிவிடுவதே இடர். அதனால் பொறுப்பை ஒருவரிடம் வைக்காமல் ஒரு வகுப்பிடம் வையுங்கள். ஆண்டுதோறும் ஏழாம் வகுப்பே பதிவேட்டின் பொறுப்பாளர் என்று முடிவு செய்துவிட்டால், எட்டாம் வகுப்புக்குச் செல்பவர்கள் ஜூன் மாதத்தில் புதியவர்களுக்கு மரங்களை அறிமுகம் செய்து பதிவேட்டை ஒப்படைப்பார்கள். ஆசிரியர் மாறினாலும் ஏழாம் வகுப்பு இருந்துகொண்டே இருக்கும்.

பதுவாவின் தோட்டம் ஐந்நூறு ஆண்டுகளை நெருங்குவதற்குக் காரணம், ஒருவர் எழுதியதை அடுத்தவர் தொடர்ந்து எழுதியதுதான். வரும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, வளாகத்தில் உள்ள பத்து மரங்களுக்கு எண் கொடுத்துத் தொடங்குங்கள். பெயர் தெரியாத மரம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கான பதிலைத் தேடி மாணவர் எந்தப் பாட்டியிடம் போய்க் கேட்கிறார் என்பதையும் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதி வையுங்கள்.